இரும்பின் பிறப்பும் தெய்வத்தின் பிறப்பும்

நம்மவர் நாலுபேர் கூடும் இடங்களில் இரண்டு கூற்றுக்கள் ஓயாமல் காதில் விழுகின்றன. “வெள்ளையன் பிறவியிலேயே பகுத்தறிவாளன், கல்லையும் மரத்தையும் கும்பிடும் புத்தி நம் இரத்தத்தோடு வந்தது” என்பது ஒன்று. இதைச் சொல்லுவோர் பெரும்பாலும் நம்மைப்போல் ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துப் படித்து, காற்சட்டை மாட்டிய அன்றே பாட்டியை மறந்தவர்கள். “முன்னோர் நம்பியது எதுவோ அதுவே புனிதம், அதைக் கேள்வி கேட்பவன் பெற்ற தாயைக் கேள்வி கேட்பவன்” என்பது மற்றொன்று. இதைச் சொல்லுவோர் பெரும்பாலும் கோயிற் கமிட்டியில் நாற்காலி பிடித்தவர்கள்.

சென்ற மாதம் பட்டணத்து வாசகசாலையொன்றில் இவ்விரு கட்சியாரும் எதிரெதிரே அமர்ந்து வாதாடக் கேட்டோம். வியப்பு யாதெனில், இருவரும் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக ஒரே நாட்டையே அழைத்தனர். அது பின்லாந்து. “அந்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவரைக் காண்பது அரிது, அங்கே மூடநம்பிக்கை என்றைக்காவது இருந்ததுண்டா?” என்றார் முதற் கட்சியார். “தன் பழந்தெய்வங்களின் காவியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதாலன்றோ அந்நாடு தலையெடுத்தது?” என்றார் இரண்டாங் கட்சியார். இரு திறத்தாரும் கைதட்டல் பெற்றனர். இருவர் கூற்றும் பிழை என்பதை யாரும் எடுத்துரைத்திலர். நாம் அன்று வாய் திறவாமல் வீடு திரும்பினோம். பகலெல்லாம் தோட்டத்து ஆபீசிற் பேரேடு எழுதும் நமக்கு, கணக்குத் தவறென்று தெரிந்தும் கையெழுத்திட்டது போன்ற உறுத்தல் அன்றிரவு முழுதும் இருந்தது. அவ்வுறுத்தலைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பசியின் பட்டியல்

பின்லாந்து என்பது சுவீடனுக்கும் ருஷியாவுக்கும் இடையே, ஐரோப்பாவின் வடகோடியிற் கிடக்கும் காட்டு நாடு. ஆயிரக்கணக்கான ஏரிகள் நிறைந்த நாடு. அங்குள்ள பெரும்பான்மை மக்களின் மொழி, ஆங்கிலம் ஜெர்மன் முதலிய மொழிகளோடு இனத்தொடர்பு உடையதன்று. எஸ்தோனிய மொழிக்கும் ஹங்கேரிய மொழிக்கும் உறவானது. அம்மொழிக்கு ஏட்டுருவம் தந்தவர் மிக்கேல் அகிரிகோலா என்னும் பாதிரியார். 1543இல் அரிச்சுவடியையும், 1548இல் புதிய ஏற்பாட்டையும் பின்னிய மொழியில் அச்சிட்டவர் அவரே. அவர் 1551இல் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘நம் மக்கள் வணங்கிவந்த பொய்த்தெய்வங்கள் இவை’ என்று இகழ்ந்து காட்டுதற்காக அவர் எழுதியது அது. இன்று பின்னியரின் பழஞ்சமயத்தை ஆராய்வார் அனைவர்க்கும் முதற் சாசனமாக நிற்பது அவ்விகழ்ச்சியே! பகைவன் எழுதிவைத்த கணக்கே சில வேளை நமக்கு மிஞ்சும் ஒரே கணக்காகிவிடுகிறது.

அப்பட்டியலில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் உள. ஹாமே நாட்டார் தெய்வங்களுள், காட்டில் வேட்டை தருபவன் தாப்பியோ. நீரிலிருந்து மீன் தருபவன் அக்தி. பாட்டைக் கட்டுபவன் ஐனெமொய்னன். பிற்காலத்தார் வைனாமொய்னன் என்றது இவனையே. அமைதியும் நல்ல காற்றும் தந்து வழிப்போக்கனை நடத்துபவன் இல்மரினன். போரில் வெற்றி தருபவன் தூரிசாஸ். பொருளைக் காப்பவன் கிராத்தி. வீட்டைப் பார்த்துக்கொள்பவன் தொந்து. கரேலிய நாட்டார்க்கோ, ரை என்னும் தானியத்துக்கு ஒரு தெய்வம். வாற்கோதுமைக்கு ஒரு தெய்வம். ஓட்ஸுக்கு ஒரு தெய்வம். அவரை, பட்டாணி, டர்னிப் கிழங்கு, சணல் இவற்றுக்கெல்லாம் சேர்த்து எக்ரெஸ் என்று ஒரு தெய்வம். காட்டை எரித்துத் திருத்திய புனத்துக்கு ஒருவன்; கால்நடை பெருகுதற்கு ஒருவன்; வலையில் மீன் விழச் செய்பவள் ‘நீரின் தாய்’. இடியும் மழையும் தருபவன் உக்கோ. அவன் மனைவி ரௌனி. அணில் பிடித்துத் தர ஒரு தெய்வம், முயல் பிடித்துத் தர ஒரு தெய்வம்!

அணிலுக்கும் ஒரு தெய்வமா என்று நகைப்பவர் சற்றுப் பொறுத்திடுக. பின்னிய மொழியில் இன்று பணத்துக்கு வழங்கும் சொல் ‘ரஹா’ என்பது. அச்சொல்லின் பழம்பொருள் விலங்கின் தோல். அணிலின் மென்மயிர்த் தோலே அவர்களுக்கு நாணயமாகப் புழங்கியது. அதைக் கொடுத்தே வரி கட்டினர், பண்டம் வாங்கினர். ஆகவே அணில் தெய்வம் என்பது அவர்தம் காசுத் தெய்வம். சம்பள நாளை எண்ணிக் காத்திருக்கும் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இப்பட்டியலை மறுமுறையும் படித்துப் பாருங்கள். இது வானத்திலிருந்து இறங்கிய தெய்வங்களின் பட்டியலா? உழவனுக்கும் வேடனுக்கும் மீன்பிடிப்பவனுக்கும் இன்னின்ன வேண்டும், இன்னின்னது தன் கையில் இல்லை என்பதன் பட்டியலன்றோ? தன் கையால் ஆகும் காரியத்துக்கு மனிதன் தெய்வம் தேடுவதில்லை. கோடரிக்குக் காம்பு போட அவர்கள் எத்தெய்வத்தையும் அழைத்திலர், மழைக்கு அழைத்தனர். கைக்கு எட்டிய தூரம் தொழில். எட்டாத தூரம் தெய்வம். வடதுருவத்தை அடுத்த நாட்டில் ஜூன் மாதத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் ஓராண்டு உணவு போயிற்று. அங்கே எட்டாத தூரம் மிகப் பெரிது. ஆதலால் தெய்வங்களின் தொகையும் பெரிது.

கரடிக்குக் கலியாணம்

‘மேனாட்டாரிடம் மூடநம்பிக்கை என்றைக்காவது இருந்ததுண்டா’ என்ற நண்பருக்கு இனி விடையிறுப்போம்.

பின்னியர் காட்டுக்குட் சென்றால் கரடியை அதன் பெயரால் அழையார். ‘தேன் உள்ளங்கையான்’ என்றும் இன்னும் பல செல்லப்பெயர்களாலும் குறிப்பர். இன்று அம்மொழியிற் கரடிக்கு வழங்கும் ‘கர்ஹு’ என்ற சொல்லே, சொரசொரப்பான மயிரை உடையது என்னும் பொருளில் எழுந்த மறைபெயர் என்பர் மொழியறிஞர். கரடியைக் கொன்ற பின் ஊரார் கூடி விருந்து செய்வர். அது விலங்கைத் தின்னும் விருந்து போலிராது. கலியாணம் போல நடக்கும். இறந்த கரடிக்கு மணப்பெண்ணாகவோ மணமகனாகவோ ஊரில் ஒருவரை அமர்த்துவதும் உண்டு. ‘நாங்கள் உன்னைக் கொல்லவில்லை, நீயே தவறி விழுந்தாய்’ என்ற பொருளிற் பாடுவர். கரடி வானத்திற் பிறந்து பொற்சங்கிலியாற் கீழே இறக்கப்பட்டது என்று அதன் பிறப்பைப் புகழ்வர். பின்னர் அதன் மண்டையோட்டைக் கொண்டுபோய் ஒரு தேவதாரு மரத்தின் உச்சியில் மாட்டுவர். உயிர் வந்த வழியே திரும்பி, மீண்டும் காட்டில் விலங்காய்ப் பிறக்கும் என்பது கருத்து.

இஃது ஒன்று. அறுவடை முடிந்த இலையுதிர்காலத்தில் ‘கெக்ரி’ என்றொரு நாள். அன்றிரவு குடும்பத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவர் என்று எண்ணி, வெந்நீராவிக் குளியலறையைச் சூடாக்கி வைப்பர், உணவும் படைப்பர். சவுனா என்னும் அக்குளியலறையிலேயே பெண்கள் பிள்ளை பெற்றனர். அங்கேயே பிணத்தையும் கழுவினர். கல்லில் நீர் ஊற்ற எழும் ஆவிக்கு ‘லொய்லி’ என்று பெயர். அச்சொல்லின் உறவுச்சொல் ஹங்கேரிய மொழியில் ‘உயிர்’ என்று பொருள்படும். இனி, மழை வேண்டிய வேனிற்காலத்தில் உக்கோவின் பெயரால் ஊரார் கூடிக் கள் போன்றதொரு பீர் குடித்தனர். பெண்களும் உடன் குடித்து வெறித்தனர், நாணத்தக்கன பல நடந்தன என்று அகிரிகோலா முகம் சுளித்து எழுதுகிறார்.

இவையெல்லாம் செய்தவர் எவர்? வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் உடைய ஐரோப்பியரே. உலகம் எப்படி உண்டாயிற்று என்பதற்கு அவர்கள் பாடிய கதையும் கேளுங்கள்: கடலில் மிதந்தவனுடைய முழங்காலை மேடென்று எண்ணி ஒரு வாத்து முட்டையிட்டது, முட்டை உருண்டு உடைந்தது, ஓட்டின் ஒரு பாதி மண்ணாயிற்று, மறுபாதி வானாயிற்று. ‘அண்டம்’ என்ற ஒரே சொல்லால் முட்டையையும் உலகத்தையும் குறிக்கும் நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றுமோ?

ஆகவே, அன்பரே, மூடநம்பிக்கை இரத்தத்திற் பிறப்பதன்று. வானம் பார்த்த வயிற்றிற் பிறப்பது. தோலின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘நம் இரத்தமே அப்படி’ என்பவர், நம்மைத் திருத்தவே முடியாது என்று தீர்ப்பெழுதுகிறார். அத்தீர்ப்பு யாருக்கு வசதி என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக.

தெய்வத்தை மாற்றிவிட்டால் வயிறு நிறைந்துவிடும் என்பதும் இல்லை. 1866 முதல் 1868 வரை பின்லாந்திற் கொடிய பஞ்சம் வந்தது. 1867இல் வேனில் வர மறுத்தது. ஜூன் மாதத்திலும் ஏரிகளிற் பனிக்கட்டி கிடந்தது. மக்கள் மரப்பட்டையை இடித்து மாவிற் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றனர். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அப்போது அந்நாட்டார் சீர்திருத்தக் கிறிஸ்தவராகி மூன்று நூற்றாண்டு ஆகியிருந்தது. உக்கோவும் மழை தந்திலன். பிரசங்க மேடையும் மாவு தந்திலது. தானியம் வாங்கக் காலத்தே கப்பல் அனுப்பாத அரசாங்கத்தின் கணக்கை எந்தத் தெய்வமும் திருத்தவில்லை.

வென்றவன் தெய்வமும் தோற்றவன் பேயும்

நிற்க. பழந்தெய்வங்களைப் புதுச்சமயத்தார் எவ்வாறு ஒழிக்க முயன்றனர் என்பதும் நாம் அறியத்தக்கதே.

‘ஹீசி’ என்பது முதலில் ஊராரின் புனிதச் சோலைக்குப் பெயராய் இருந்தது என்பது அறிஞர் பலர் துணிபு. பாதிரிமார் காலத்தில் அதே சொல் பேய்க்கும் பேய் வாழும் இடத்துக்கும் பெயராயிற்று. ‘பெர்க்கெலெ’ என்ற சொல், லித்துவேனியாவின் இடித்தெய்வப் பெயரோடு உறவுடையது என்பர். அது சாத்தானைக் குறிப்பதாகி, இன்றோ வெறும் வசைச்சொல்லாக வழங்குகிறது. ‘யுமாலா’ என்ற பழஞ்சொல்லுக்கு மட்டும் நல்வாழ்வு கிடைத்தது. கிறிஸ்தவக் கடவுளுக்கு அப்பெயரைச் சூட்டினர். ஒரே பழைய குடும்பத்துச் சொற்களுள் ஒன்று ஆண்டவனாயிற்று, ஒன்று பேயாயிற்று, ஒன்று வசையாயிற்று. வென்றவன் கும்பிட்டால் தெய்வம், தோற்றவன் கும்பிட்டால் பேய் என்னும் உலக வழக்குக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பெயரை இகழ்ந்ததோடும் நின்றார் அல்லர். பதினேழாம் நூற்றாண்டில், மந்திரம் ஓதியவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தனர். மேற்கு ஐரோப்பாவிற் சூனியக் குற்றத்துக்குப் பெரும்பாலும் பெண்களே பலியாயினர். பின்லாந்தில் ஆண்களும் பெருந்தொகையினராய்க் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஏனெனில் அங்கே நோய் தீர்க்கும் மந்திரம் அறிந்த ‘தியேத்தாயா’ பெரும்பாலும் ஆண்மகன். அச்சொல்லுக்கு ‘அறிந்தவன்’ என்று பொருள்.

இவ்வளவு செய்தும் பலித்ததா? பலிக்கவில்லை. அகிரிகோலா இகழ்ந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்ற பின்னரும், காட்டூர்களிற் கிழவர்கள் அதே பெயர்களைப் பாடிக்கொண்டிருந்தனர். சிறப்பாக, ருஷிய ஆட்சியில் கிரேக்கத் திருச்சபையைச் சார்ந்திருந்த கரேலியாவில் பாட்டுக்களின்மேற் கெடுபிடி குறைவு. அங்கேதான் அவை மிகுதியாய் உயிர்பிழைத்தன. இகழ்ச்சி நம்பிக்கையைக் கொல்லாது. அடுப்பங்கரைக்குத் துரத்தும், அவ்வளவே. மேடையில் நின்று பாமரரைப் ‘பைத்தியக்காரர்’ என்று வைது தீர்த்துவிட்டுச் சீர்திருத்தம் முடிந்தது என்று வீடு திரும்பும் நம் நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.

காவியம் வேதமான கதை

இனி இரண்டாங் கட்சியாரிடம் வருவோம். அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடச் சொல்லும் காவியம் ‘கலேவலா’. அஃது எப்படிப் பிறந்தது?

1802இல் ஓர் ஏழைத் தையற்காரன் மகனாய்ப் பிறந்து வைத்தியரான எலியாஸ் லொண்ரொத் என்பவர், ஊர் ஊராய் நடந்து கிழவர் கிழவியர் பாடியவற்றை எழுதிக்கொண்டார். அவற்றை இணைத்து 1835இல் 32 பாட்டும் 12,078 அடியும் உடைய நூலாக வெளியிட்டார். அச்சிட்டவை 500 பிரதிகளே. பின்னும் சேகரித்துச் சேர்த்து, 1849இல் 50 பாட்டும் 22,795 அடியுமாக விரித்தார். இன்று உலகம் படிப்பது இப்பிற்பதிப்பையே. ஆகவே காவியத்தின் வயது இருநூறு ஆண்டுக்கும் குறைவு. பாட்டுக்கள் பழையன, மாலையாகக் கட்டிய நார் புதிது.

அவர் கை எவ்வளவு பட்டது? வைனோ கௌகோனன் என்னும் ஆராய்ச்சியாளர் அடி அடியாக ஒப்பிட்டுப் பார்த்து, லொண்ரொத் தாமே புதிதாய்ப் புனைந்தவை நூற்றுக்கு மூன்று அளவே என்றார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிகள் பாடியவாறே உள்ளன. ஏனையவை சிறிதோ பெரிதோ மாற்றம் பெற்றவை. மூன்று பங்குதானே என்று எண்ணற்க. கதையை எந்த வரிசையிற் கோப்பது, யார் செயலை யார்மேல் ஏற்றுவது என்பதெல்லாம் அவர் தீர்மானம். முட்டை கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் வாயில் வாத்து முட்டையிட்டது வைனாமொய்னனின் முழங்காலில். 1849 பதிப்பில் அது காற்றின் மகள் முழங்காலுக்கு மாறிற்று. கிழவனுக்கு வாழ்க்கைப்பட மறுத்து நீரில் மறையும் ஐனோ என்னும் கன்னியின் பெயரால் இன்று அந்நாட்டில் எத்தனையோ பெண்கள் வழங்குகின்றனர். பாட்டுக்களில் அவளுக்குப் பெயரே கிடையாது. ‘ஒரே’ மகள், ‘ஒரே’ தங்கை என்று வந்த அடைமொழியைப் பெயராக்கியவர் லொண்ரொத். பழம்பாட்டில் அப்பெண் தூக்கிட்டுக்கொண்டு சாகிறாள். நீரில் மறையச் செய்தது காவியம்.

இதனாற் காவியம் சிறுமைப்பட்டது என்பார் யார்? நாம் அல்லேம். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதனைப் படித்து, துண்டு துண்டாய்ச் சாவாற்றிற் கிடந்த மகனைத் தாய் வாரியெடுத்து உயிர்ப்பிக்கும் இடத்தில் நாம் கண் கலங்கினோம். நாம் சொல்லுவது இவ்வளவே: மனிதர் பாடினர், மனிதர் கோத்தார், மனிதர் அச்சிட்டார். இதில் எந்த இடத்தில் தெய்வம் வந்து கையெழுத்திட்டது? லொண்ரொத் தம் குறிப்பேடுகளை மறைத்தாரில்லை. அவர் காலத்தும் பின்னும் பலர் சேகரித்த பாட்டுக்கள், பாடியபடியே, 1908 முதல் 1948 வரை 33 புத்தகங்களாக அச்சேறின. காவியத்தை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் வழியைப் பின்னியரே திறந்து வைத்தனர். வேதம் என்று கொண்டாடுவோர் இப்படிச் செய்வரோ?

ஆயினும் அந்நாட்டிலும் சிலர் அதனை வேதமாக்கினர்; அதன் விளைவையும் சொல்லியாக வேண்டும். ‘பாட்டுப் பிறந்த கரேலியா முழுதும் எமதே’ என்றொரு கனவு வளர்ந்தது. 1941 முதல் 1944 வரை பின்லாந்துப் படை கிழக்குக் கரேலியாவைப் பிடித்து ஆண்டபோது, பாட்டுக்கு உறவான இனத்தார் ஒருபுறமும் உறவில்லாத ருஷிய மக்கள் மற்றொருபுறமும் பிரிக்கப்பட்டனர். முள்வேலி முகாம்களிற் பசியாலும் நோயாலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாட்டு அவர்களைக் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. பாட்டைப் பட்டாவாக்கியவர்கள் கை அதிற் பட்டது என்கிறோம். முன்னோர் பெருமை என்பது அடுத்தவன் நிலத்துக்கு எல்லைக்கல் நடும்போது, அப்பெருமையைக் கேள்வி கேட்பதே அறிவுடையோர் கடன்.

பாடியவள் பட்ட பாடு

காவியத்தைக் கொண்டாடியவர்கள் பாடியவர்களைக் கொண்டாடினரா? லத்வயார்வி என்னும் சிற்றூரில் அர்ஹிப்பா பெர்த்துனன் என்னும் ஏழைக் குடியானவன், 1834இல் மூன்று நாள் லொண்ரொத்துக்குப் பாடினான். நாலாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். சிறுவயதில் மீன்பிடிக்கப் போனபோது, தன் தந்தையும் கூலியாளும் நெருப்பருகே கைகோத்து அமர்ந்து இரவு முழுதும் பாடியதை அவன் நினைவுகூர்ந்தான். முதலாளியும் கூலியும் கைகோத்துப் பாடிய அவ்விரவுகள்தாம் அக்காவியத்தின் பள்ளிக்கூடம்.

இங்கிரியா நாட்டு லாரின் பரஸ்கே என்பவளோ பண்ணையடிமையின் மகள். ஒன்பது பிள்ளை பெற்றாள். மூவரே வளர்ந்து ஆளாயினர். பட்டணத்து அநாதைக் குழந்தைகளைக் கூலிக்கு வளர்த்துக் காலம் தள்ளினாள். எழுத்தறியாத அவள் வாயிலிருந்து அதோல்ப் நியோவியுஸ் என்னும் பாதிரியார் எழுதிக்கொண்ட அடிகள் 30,000க்கு மேல். ஓவியர்கள் அவளை எழுதினர். சிபேலியுஸ் என்னும் இசைப்புலவர் அவள் பாடக் கேட்டார். அவளோ வரி கட்ட இயலாமல் வீட்டை இழந்து, 1904இல் வறுமையிலேயே கண்மூடினாள். இன்று ஹெல்சிங்கி நகரில் அவளுக்குச் சிலை நிற்கிறது. சிலைக்குப் பசியில்லை, ஆதலாற் சிலை வைப்பது எளிது.

‘முன்னோர், முன்னோர்’ என்று முழங்கும் கட்சியாரை நாம் கேட்கிறோம்: முன்னோர் என்று நீவிர் குறிப்பது யாரை? இறந்தபின் வாய்பேசாதவரை மட்டுமா? உயிரோடிருந்து பாடும் கிழவிக்கு ஒருபிடி அரிசி கொடுப்பது முன்னோர் வழிபாட்டிற் சேருமா சேராதா?

இரும்பின் பிறப்பு

தியேத்தாயா என்னும் மந்திரவாதியைப் பற்றி முன்னே சொன்னோம். அவனுடைய முறை மிக வியப்பானது. கோடரி வெட்டிக் காலில் இரத்தம் பெருகினால், அவன் இரும்பின் பிறப்பைச் சொல்லத் தொடங்குவான். மூன்று கன்னியர் பாலைப் பீச்ச, கரும்பால் மெல்லிரும்பாயிற்று, வெண்பால் எஃகாயிற்று, செம்பால் நொறுங்கும் இரும்பாயிற்று. உலையிலிருந்து எடுத்த இரும்பைத் துவைக்கத் தேன் கொண்டுவரும்படி தேனீயைக் கேட்டான் கொல்லன். இடையே குளவி புகுந்து நஞ்சைக் கொண்டுவந்து போட்டது. அன்று முதல் இரும்பு தன் சத்தியத்தை மறந்து உடன்பிறந்தானையே வெட்டத் தொடங்கியது. இவ்வளவும் சொல்லி, ‘உன் பிறப்பை நான் அறிவேன், பாலாய்ச் சிறுத்துக் கிடந்த நாளில் நீ பெரியவன் இல்லையே’ என்று இரும்பை நாணச் செய்தால், காயம் அடங்கும் என்பது நம்பிக்கை. நெருப்புச் சுட்டால் நெருப்பின் பிறப்பு. பாம்பு கடித்தால் பாம்பின் பிறப்பு. எதன் பிறப்பை அறிந்தானோ அதற்கு அவன் அஞ்சான்.

இம்மந்திரத்தால் இரத்தம் நிற்காது. நாம் மட்டும் சொல்லவில்லை, லொண்ரொத்தும் அறிவார். அவர் 1832இல் வைத்தியப் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியே பின்னியரின் மந்திர வைத்தியத்தைப் பற்றியது. காயானி வட்டாரத்தில் அவர் வைத்தியராய் அமர்ந்தபோது பஞ்சமும் காய்ச்சலும் பரவியிருந்தன. தாமும் காய்ச்சலில் வீழ்ந்து எழுந்தார். மந்திரவாதியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அவன் காலில் விழவும் இல்லை. உட்கார்ந்து கேட்டார்; எழுதிக்கொண்டார்; பிறகு மருந்துப்பெட்டியைத் திறந்தார். 1839இல் குடியானவர்க்கென்று எளிய பின்னிய மொழியில் ஒரு வீட்டு வைத்திய நூலும் எழுதி வெளியிட்டார். காவியத்தைக் கொண்டாடுவோர் இந்நூலை மறந்துவிடுகின்றனர். நமக்கோ இவ்விரண்டு நூலும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் லொண்ரொத் முழுமனிதராய்த் தோன்றுகிறார்.

மந்திரம் பொய்; ஆனால் அதனுட் கிடக்கும் கொள்கை பொய்யன்று. பிறப்பை அறிந்தால் அச்சம் அகலும் என்பதே அக்கொள்கை. இடியின் பிறப்பை மின்சாரநூல் சொல்லிற்று. ‘உக்கோனன்’ என்பது இன்று பின்னியர்க்கு இடிமழையின் பெயர் மட்டுமே, அதற்குப் பீர் ஊற்றுவாரில்லை. காய்ச்சலின் பிறப்பைக் கிருமிநூல் சொல்லிற்று. அங்ஙனமே தெய்வத்தின் பிறப்பையும் நாம் சொல்லலாகாதோ? அவை அணில் தோலிற் பிறந்தன; உறைபனியிற் பிறந்தன; டர்னிப் கிழங்கிலும் மீன்வலையிலும் பிறந்தன; செத்த பிள்ளையை மறக்கமாட்டாத தாயின் நெஞ்சிற் பிறந்தன. இப்பிறப்பைச் சொன்ன அளவில் தெய்வத்தின்மேல் உள்ள அச்சம் போய்விடுகிறது. அதனைப் படைத்த மனிதன்மேல் இரக்கமும் மதிப்பும் வந்துவிடுகின்றன. இகழ்வோர்க்கு இரக்கம் இல்லை. கும்பிடுவோர்க்கு அறிவு இல்லை. இரண்டும் உடையவனே சீர்திருத்தக்காரன்.

பின்லாந்து தலையெடுத்தது எதனால் என்பதற்கும் விடை இதிலேயே அடங்கும். 1863இல் பின்னிய மொழிக்கு அரசாங்க அலுவல்களில் இடம் தரும் கட்டளை பிறந்தது. 1866இல் மக்கட் பள்ளிச் சட்டம் வந்தது. 1906இல் பெண்களுக்கும் வாக்குரிமையும் சட்டசபைக்கு நிற்கும் உரிமையும் கிடைத்தன. 1917இல் நாடு விடுதலை பெற்றது. 1921இல் கட்டாயக் கல்வி சட்டமாயிற்று. காவியம் அவர்களுக்குத் தம் மொழியில் நம்பிக்கை தந்தது, மெய். அதை மறுப்பது நன்றிகொல்லுதல். ஆயின் அந்நம்பிக்கை பள்ளிக்கூடமாக மாறியதாலன்றோ பயன் தந்தது? உக்கோவுக்குக் கோயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆயிருக்கும்? 2013இல் ‘கரடியின் மக்கள்’ என்னும் பெயரில் ஒரு சிறு குழுவினர் பழஞ்சமயத்தைப் பதிவு செய்துகொண்டனர் என்பது உண்மையே. அவர் உரிமையில் நாம் கைவைக்கோம். அவர்களும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கே செல்வர் என்பதை மட்டும் நினைவூட்டுவோம்.

‘அப்படியானாற் பழம்பாட்டுக்களை எரித்துவிடலாமோ?’ என்று ஒருவர் எழுந்து கேட்பார். எரிப்பவனும் கும்பிடுபவனும் ஒரே பிழை செய்கின்றனர்: இருவரும் படிப்பதில்லை. இலங்கையிற் பிறந்து பின்லாந்திற் குடியேறிய தமிழர் இர. சிவலிங்கம், உதயணன் என்னும் புனைபெயருடையவர், கலேவலா முழுவதையும் தமிழ்ப் பாட்டாக்கி 1994இல் வெளியிட்டார். வாத்து முட்டையும் இரும்பின் பிறப்பும் தேன் உள்ளங்கையானும் இன்று தமிழிலேயே கிடைக்கின்றன. வாசகசாலையில் நாற்காலியைத் தட்டி வாதாடிய இரு கட்சியாரும் அந்நூலை வாங்கி, முதலிற் படிக்கட்டும், பிறகு சண்டையிடட்டும். நம் வாசகசாலை அலமாரியில் அதற்கு இடம் வேண்டுமென்று அடுத்த கூட்டத்தில் நாம் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். சென்ற முறை வாய்மூடித் திரும்பியதற்கு அதுவே கழுவாய்.

அன்பர்களே! தெய்வத்தைக் கண்டு அஞ்சுபவனிடம் ‘நீ மூடன்’ என்று சொல்லாதீர்கள். அதன் பிறப்பைச் சொல்லுங்கள்.